குறையுள்ள மலிவு பிளாட்ஃபார்மரை விளையாடி முடிப்பது எப்படி

ஓடுவது, தாவுவது, முள்ளில் படாமல் அந்தப் பக்கம் போய்ச் சேர்வது: பிளாட்ஃபார்மர் விளையாட்டு என்பது அடிப்படையில் இவ்வளவுதான். விதிகள் இத்தனை எளியவை என்பதாலேயே தனியாக ஒருவர் உட்கார்ந்து செய்து முடிக்கக்கூடிய வகையாக இது இருக்கிறது; அதே காரணத்தால், செய்தவரின் அவசரமும் அனுபவமின்மையும் மறைந்துகொள்ள இடமில்லாத வகையாகவும் இருக்கிறது. கதை சொல்லும் விளையாட்டு ஒன்றில் ஒரு பொத்தான் எப்போதாவது வேலை செய்யாமல் போனால் மறுபடி அழுத்திவிட்டு மறந்துவிடுவோம். பிளாட்ஃபார்மரில் அதுவே உயிர் போகிற காரியம்.

2017 ஜூன் மாதம் வால்வ் நிறுவனம், கணினி விளையாட்டுகளை இணையத்தில் விற்கும் தன் ஸ்டீம் கடையில் கிரீன்லைட் என்ற வாக்கெடுப்பு முறையை மூடிவிட்டு, விளையாட்டு ஒன்றுக்கு 100 டாலர் கட்டினால் விற்பனைக்கு வைக்கலாம் என்ற ஸ்டீம் டைரக்ட் முறையைக் கொண்டுவந்தது. வருமானம் 1,000 டாலரைத் தொட்டால் அந்தக் கட்டணமும் திரும்பக் கிடைத்துவிடும். அதன் பிறகு, தள்ளுபடிக் காலத்தில் ஒரு வேளை டிபன் விலைக்குக் கிடைக்கும் பிளாட்ஃபார்மர்களுக்குப் பஞ்சமே இல்லை. அவற்றில் சில வெறும் குப்பை, சில அபாரமானவை. இரண்டுக்கும் நடுவே, நல்ல யோசனையும் கண்ணுக்கு இனிய படமும் காதுக்கு இனிய இசையும் இருந்து, ஆட்டத்தின் பிடி, அதாவது கட்டுப்பாடு, மட்டும் கோணலாகிப்போன ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. இந்தக் குறிப்பு அந்த நடுக் கூட்டத்துக்கானது. விண்டோஸ் கணினியில், யூனிட்டி என்ற எஞ்சினில் (விளையாட்டுகளை உருவாக்கி ஓட்டும் மென்பொருளில்) செய்யப்பட்ட விளையாட்டை முன்வைத்தே பெரும்பாலும் சொல்கிறேன். கேம்மேக்கர் என்ற இன்னோர் எஞ்சினில் செய்தவற்றுக்கு வேறுபடும் இடங்களை அங்கங்கே குறிப்பிடுகிறேன். எது எதில் செய்யப்பட்டது என்று அறிய, விளையாட்டு நிறுவப்பட்டுள்ள கோப்புறையைத் திறந்து பார்த்தால் போதும். யூனிட்டிபிளேயர் என்ற டிஎல்எல் கோப்பு இருந்தால் அது யூனிட்டி, டேட்டா.வின் என்ற கோப்பு இருந்தால் அது கேம்மேக்கர்.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். திரையில் தெரிவது படம் மட்டுமே. ஆட்டத்தை நடத்துவது அந்தப் படத்துக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் பெட்டிகளும் எண்களும்தான். தரமான விளையாட்டில் இரண்டும் ஒத்துப்போகும்படி யாரோ மாதக்கணக்கில் மெனக்கெட்டிருப்பார்கள். மலிவு விளையாட்டில் அந்த மெனக்கெடல் நடந்திருக்காது. எனவே படத்தை நம்பாமல், பெட்டிகள் எங்கே முடிகின்றன, எண்கள் எவ்வளவு என்பதை நீங்களே சோதித்துக் கண்டுபிடித்து, அவற்றுக்கு ஏற்ப ஆட வேண்டும். கீழே வருவன எல்லாம் அந்தச் சோதனையைச் செய்யும் வழிகளே.

பணம் திரும்பும் காலத்துக்குள்

வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், காரணம் எதுவாயினும் ஸ்டீமில் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். 2015 ஜூன் முதல் இந்த வசதி இருக்கிறது. தள்ளுபடியில் வாங்கியவற்றுக்கும் பொருந்தும். விளையாட்டு திறந்திருக்கும் நேரம் முழுவதும் கணக்கில் சேரும் என்பதைக் கவனிக்கவும்: முகப்புத் திரையில் நிறுத்திவிட்டுக் காபி குடிக்கப் போனாலும் கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே அமைப்புகளைப் பற்றிப் படிப்பது, கன்ட்ரோலரைத் தேடி எடுப்பது போன்ற வேலைகளை விளையாட்டைத் திறப்பதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது.

அந்த 2 மணி நேரத்தில் கதையில் எவ்வளவு தூரம் போனோம் என்பது முக்கியமில்லை. தாவும் பொத்தான் ஒவ்வொரு முறையும் கேட்கிறதா, விளையாட்டை மூடித் திறந்தால் விட்ட இடம் நினைவில் இருக்கிறதா, பொத்தான்களை மாற்றியமைக்க முடிகிறதா என்ற மூன்றையும் முதலில் பாருங்கள். அடுத்த பகுதியில் சொல்லப்போகும் திருத்தங்களைச் செய்த பிறகும் தாவல் விழுங்கப்பட்டால், அல்லது சேமிப்பு அழிந்துபோனால், தயங்காமல் திருப்பிக் கொடுத்துவிடலாம். மற்றபடி முள்ளின் அளவு அநியாயமாக இருக்கிறது, எதிரி திடீரென்று வருகிறது, வழுக்குகிறது என்பவை எல்லாம் பழகிக்கொள்ளக்கூடிய குறைகள். என் அனுபவத்தில் இவற்றைக் காரணம் காட்டித் திருப்பிக் கொடுக்கப்படும் விளையாட்டுகளில் பாதியாவது விளையாடி முடிக்கத் தகுந்தவை.

தாவல் ஏன் விழுங்கப்படுகிறது

மலிவு பிளாட்ஃபார்மர் மீது வரும் புகார்களில் தலையாயது இது: பொத்தானை அழுத்தினேன், அது தாவவில்லை. ஆடுபவரின் விரலைக் குற்றம் சொல்வதற்கு முன் எஞ்சினுக்குள் நடப்பதைப் பார்க்க வேண்டும்.

யூனிட்டியில் படம் வரைவதற்கு ஒரு கடிகாரமும், மோதல், விழுதல் போன்ற இயற்பியலைக் கணக்கிடுவதற்கு வேறொரு கடிகாரமும் ஓடுகின்றன. இரண்டாவது கடிகாரம், செய்தவர் மாற்றாதவரை, 0.02 விநாடிக்கு ஒருமுறை, அதாவது விநாடிக்கு 50 முறை துடிக்கும். முதல் கடிகாரம் உங்கள் திரையையும் கிராஃபிக்ஸ் கார்டையும் பொறுத்து 60 முறையோ 144 முறையோ அதற்கும் மேலாகவோ துடிக்கும். ஒரு பொத்தான் இப்போதுதான் அழுத்தப்பட்டது என்ற செய்தி ஒரே ஒரு ஃபிரேமுக்கு, அதாவது திரையில் ஒரு படம் வரையப்படும் நேரத்துக்கு, மட்டுமே இருக்கும். அனுபவமில்லாத நிரலாளர் அந்தச் செய்தியை இயற்பியல் கடிகாரத்தின் பக்கத்தில் படிக்கும்படி எழுதிவிட்டால், 144 ஃபிரேம் ஓடும் கணினியில் மூன்றில் ஏறத்தாழ இரண்டு ஃபிரேம்களில் இயற்பியல் துடிப்பே இருக்காது; அந்த ஃபிரேம்களில் விழுந்த அழுத்தம் எவர் காதுக்கும் எட்டாமல் போய்விடும். செய்தவரின் பழைய மடிக்கணினியில் ஒழுங்காக ஓடிய விளையாட்டு உங்கள் புதிய கணினியில் சொதப்புவதற்கு இதுவே அடிக்கடி காரணமாகிறது. நல்ல கணினி வைத்திருப்பவருக்கே தண்டனை என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

திருத்தம் எளிது. ஃபிரேம் வேகத்தை 50-க்குக் கட்டுப்படுத்துங்கள். என்விடியா கார்டு என்றால் அதன் கட்டுப்பாட்டுப் பலகத்தில் அதிகபட்ச ஃபிரேம் வேகம் என்ற அமைப்பு இருக்கிறது. எந்த கார்டாக இருந்தாலும் ரிவாட்யூனர் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். 50-இல் இன்னும் எப்போதாவது விழுங்கினால் 48 ஆக்கிப் பாருங்கள். அப்போது ஒவ்வொரு ஃபிரேமிலும் குறைந்தது ஒரு இயற்பியல் துடிப்பாவது வந்தே தீரும். இதற்கு ஒரு பக்கவிளைவு உண்டு: சில ஃபிரேம்களில் இரண்டு துடிப்புகள் வந்து, இரட்டைத் தாவல் உள்ள விளையாட்டில் ஒரே அழுத்தம் இரண்டாக எண்ணப்படலாம். அப்படி நடந்தால் 50-க்கே திரும்பிவிட வேண்டும். கேம்மேக்கரில் இந்தச் சிக்கல் கிடையாது. அதில் செய்த பல விளையாட்டுகள் ஃபிரேமை வைத்தே காலத்தைக் கணக்கிடுவதால், ஃபிரேம் வேகத்தைக் குறைத்தால் விளையாட்டே மெதுவாக ஓடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் பயன்படும்.

குறை விளையாட்டில் இல்லாமல் விசைப்பலகையில் இருக்கவும் வாய்ப்புண்டு. விலை குறைந்த விசைப்பலகைகள் பலவற்றில் சில மூன்று விசைகளை ஒரே நேரத்தில் அழுத்தினால் மூன்றாவது பதிவாவதில்லை. மேல் அம்பு, இடது அம்பு, ஸ்பேஸ் ஆகிய மூன்றும் இதற்குப் பெயர்போன கூட்டணி. நோட்பேடைத் திறந்து, இரு அம்பு விசைகளைப் பிடித்தபடி ஸ்பேஸை அழுத்திப் பார்த்தால் இடைவெளி விழுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். விழவில்லை என்றால் நகர்வதை ஏ, டி விசைகளுக்கு மாற்றுங்கள். விளையாட்டுக்குள் மாற்ற வழியில்லாவிட்டால் மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் தொகுப்பில் உள்ள விசை மாற்றும் கருவி உதவும். பழைய யூனிட்டி விளையாட்டுகளில் இன்னொரு வழியும் இருக்கிறது: ஆல்ட் விசையைப் பிடித்தபடி விளையாட்டைத் தொடங்கினால் திரை அளவைக் கேட்கும் ஒரு சிறு சாளரம் வரலாம், அதன் இரண்டாவது பக்கத்தில் (டேப்) எல்லா விசைகளையும் மாற்றிக்கொள்ளலாம். 2019-க்குப் பிந்தைய யூனிட்டிப் பதிப்புகளில் அந்தச் சாளரத்தை எடுத்துவிட்டார்கள்.

ஷிஃப்ட் விசையில் தாவும் விளையாட்டு என்றால், விண்டோஸ் அமைப்புகளில் அணுகல்வசதிப் பகுதிக்குப் போய், ஸ்டிக்கி கீஸ் குறுக்குவழியை முதலிலேயே அணைத்துவிடுங்கள். ஷிஃப்டைத் தொடர்ந்து ஐந்து முறை அழுத்தினால், ஸ்டிக்கி கீஸை இயக்கவா என்று கேட்கும் அறிவிப்பு திரைக்கு முன் வந்து நிற்கும். பள்ளத்துக்கு மேலே பறந்துகொண்டிருக்கும்போதுதான் அது வரும். கன்ட்ரோலரில் ஆடுபவர்கள் அனலாக் குச்சியை விட்டுவிட்டு நான்கு திசைப் பொத்தான்களையே பயன்படுத்துவது நல்லது. குச்சியைப் பாதி தள்ளினால் பாதி வேகம் என்று சில விளையாட்டுகள் எடுத்துக்கொள்ளும். தாவும் தூரம் ஒவ்வொரு முறையும் மாறுவதற்கு அது போதும். தொலைக்காட்சியில் இணைத்து ஆடினால், படம் தாமதமாக வருவதைக் குறைக்கும் அதன் கேம் மோடை இயக்கிவிடவும்.

தாவலை அளந்துகொள்வது

பிடி சரியான பிறகு, முதல் கட்டத்தில் ஆபத்தில்லாத ஓர் இடத்தைத் தேர்ந்து, தாவலை அளக்க வேண்டும். பொத்தானைத் தட்டினால் எவ்வளவு உயரம், பிடித்தால் எவ்வளவு உயரம், நின்று தாவினால் எவ்வளவு தூரம், ஓடித் தாவினால் எவ்வளவு தூரம், காற்றில் இருக்கும்போது திசை மாற்ற முடிகிறதா என்பவற்றைத் தரையில் உள்ள ஓடுகளின் எண்ணிக்கையால் சொல்லப் பழகுங்கள். ஓடித் தாவினால் ஐந்து ஓடு என்று தெரிந்துவிட்டால், ஆறு ஓடு அகலப் பள்ளத்தின் முன் நின்று உயிர்களை வீணாக்காமல் வேறு வழியைத் தேடுவீர்கள்.

இதைவிட முக்கியமானது விளிம்பில் கிடைக்கும் சலுகை. கனடாவில் உருவாகி 2018-இல் வெளிவந்த செலஸ்ட் விளையாட்டின் நாயகியை இயக்கும் நிரலை அதைச் செய்தவர்களே பொதுவில் வெளியிட்டிருக்கிறார்கள். மேடையின் விளிம்பைத் தாண்டிக் காலை எடுத்துவைத்த பிறகும் 0.1 விநாடி வரை தரையில் நிற்பதாகவே கருதித் தாவ விடுகிறது அந்த நிரல். தாவும்போது தலை ஒரு மூலையில் 4 பிக்சல் அளவுக்கு இடித்தால், நாயகியைச் சற்றுப் பக்கவாட்டில் நகர்த்தி மேலே போக விட்டுவிடுகிறது. செலஸ்ட் மிகக் கடினமான விளையாட்டு. ஆனாலும் ஆடுபவருக்கு அது நியாயமாகத் தோன்றுவதற்கு, கண்ணுக்குத் தெரியாத இந்தச் சலுகைகளும் ஒரு பெரிய காரணம். இப்படி ஒன்றைச் செய்ய வேண்டும் என்ற எண்ணமே பல மலிவு விளையாட்டுகளைச் செய்தவர்களுக்குத் தோன்றியிருக்காது. நல்ல விளையாட்டுகளில் பழகிய விரல்கள், இல்லாத சலுகையை நம்பி, விளிம்பைத் தாண்டிய பிறகே பொத்தானை அழுத்தும். விழுந்துவிட்டு, தாவல் விழுங்கப்பட்டது என்று நினைத்துக்கொள்வோம்.

ஆகவே விளிம்பைச் சோதியுங்கள். தாழ்வான ஒரு மேடையில் நின்று, திசைப் பொத்தானை மெல்லத் தட்டித் தட்டி விளிம்பை நோக்கி நகருங்கள். நாயகன் கால்விரல் வெளியே போனதும் விழுகிறானா, உடம்பு பாதி வெளியே போன பிறகு விழுகிறானா, குதிகாலும் வெளியே போய் வெற்றிடத்தில் நிற்பதுபோல் தெரிந்த பிறகுதான் விழுகிறானா என்று பாருங்கள். மூன்றும் நடக்கக்கூடியவையே. மூன்றாவதாக இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி: படத்தில் தெரியும் விளிம்பைத் தாண்டியும் அரை ஓடு தூரம் ஓடித் தாவலாம், பள்ளங்கள் அந்த அளவுக்குச் சுருங்கிவிடும். முதலாவதாக இருந்தால் விளிம்புக்கு முந்தைய ஓட்டின் நடுப்பகுதியை உங்கள் தாவும் இடமாக மனதில் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு ஓடியபடியே விளிம்பைத் தாண்டி, தாண்டியதும் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஒருமுறைகூடத் தாவவில்லை என்றால் அந்த விளையாட்டில் சலுகை கிடையாது.

தரையிறங்கும்போதும் இதே சோதனை உண்டு. கால் தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பாகவே பொத்தானை அழுத்தினால் அதை நினைவில் வைத்திருந்து தாவும் விளையாட்டுகள் உண்டு; நினைவில் வைக்காதவையும் உண்டு. வைக்காதவற்றில், அடுத்தடுத்த சிறு மேடைகளைத் தாண்டும்போது இறங்கும் ஓசை காதில் விழுந்த பிறகே பொத்தானை அழுத்துவது என்று பழக்கப்படுத்திக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

முள்ளும் எதிரியும்

யூனிட்டியில் ஒரு படத்துக்குச் செவ்வக ஹிட்பாக்ஸ் (முன்பு சொன்ன, மோதலைத் தீர்மானிக்கும் கண்ணுக்குத் தெரியாத பெட்டி) சேர்த்தால், படம் முழுவதையும் சுற்றி வளைக்கும் அளவில் அது தானாகவே அமைந்துவிடும். அதைக் கையால் சுருக்காமல் விட்டால், முக்கோண முள்ளின் இரு பக்கங்களிலும் உள்ள வெற்றிடமும் கொல்லும். நாயகனின் தொப்பி நுனியும் காற்றில் பறக்கும் துண்டும் உடம்பாகவே கணக்கில் வரும். எனவே இந்த வகை விளையாட்டில் முள் என்பது முக்கோணமல்ல, ஒரு பெட்டி என்று நினைத்துக்கொண்டே தாவுங்கள். செக்பாயின்டுக்கு (செத்தால் மீண்டும் தொடங்கும் இடத்துக்கு) அருகில் முள் இருக்கும் இடத்தில், பக்கவாட்டிலிருந்து மெல்ல நகர்ந்து சென்று எந்தப் புள்ளியில் சாகிறீர்கள் என்று பார்த்துவிடுவது ஓர் உயிருக்குக் கிடைக்கும் நல்ல பாடம். சில விளையாட்டுகளில் இதற்கு நேர்மாறாக முள்ளின் நுனியில் நின்றுகூடத் தப்பிக்க முடியும். குறை எப்போதும் நமக்கு எதிராகவே இருக்கும் என்று கட்டாயமில்லை.

எதிரியின் தலையில் மிதித்துக் கொல்லும் விளையாட்டுகளில், யார் உயரத்தில் இருக்கிறார் என்பதை மட்டும் ஒப்பிட்டு முடிவெடுக்கும் நிரல்கள் பல. மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதோ சாய்வாகவோ மோதினால் முடிவு எப்படியும் போகலாம். செங்குத்தாக மேலிருந்து இறங்குங்கள். முடியாவிட்டால் அந்த எதிரியைக் கொல்லாமல் தாண்டிப் போய்விடுங்கள்.

குறையைக் கருவியாக்குவது

எனக்கு இந்த விளையாட்டுகளில் பிடித்த பகுதி இது. யூனிட்டியின் இரு பரிமாண இயற்பியலில் ஒவ்வொரு பொருளுக்கும் உராய்வு 0.4 என்று தொடக்கத்திலேயே வைக்கப்பட்டிருக்கும். செய்தவர் அதைச் சுழியமாக்க மறந்துவிட்டால், காற்றில் இருக்கும்போது சுவரை நோக்கித் திசைப் பொத்தானைப் பிடித்தால் நாயகன் பல்லிபோல் சுவரில் ஒட்டிக்கொள்வான் அல்லது மிக மெதுவாகச் சறுக்குவான். தெரியாதவர்களுக்கு இது எரிச்சல். மேடையின் பக்கவாட்டில் முட்டி அங்கேயே தொங்கிக்கொண்டு இருப்பார்கள். விடுபட, திசைப் பொத்தானை விட்டால் போதும். தெரிந்தவர்களுக்கோ இது நகரும் ரம்பம் கடந்து போகும்வரை காத்திருக்க ஒரு புகலிடம், ஆழமான குழியில் வேகம் குறைத்து இறங்க ஒரு கயிறு.

இதனோடு சேர்ந்து வரும் இன்னொரு குறை இன்னும் பெரிய வரம். நாயகன் தரையில் நிற்கிறானா என்று அறிய, அவன் காலடியில் ஒரு சிறு வட்டத்தை வைத்து, அது எதையாவது தொடுகிறதா என்று பார்ப்பது வழக்கமான உத்தி. அந்த வட்டம் உடம்பைவிடச் சற்று அகலமாக இருந்துவிட்டால், சுவரைத் தொட்டாலும் தரையைத் தொட்டதாகவே விளையாட்டு எண்ணும். அப்போது சுவரில் ஒட்டியபடி பொத்தானை மீண்டும் மீண்டும் அழுத்தி எவ்வளவு உயரத்துக்கும் ஏறலாம். முதல் கட்டத்தில் உயரமான சுவர் கண்ணில் பட்டதும் இதைச் சோதித்துப் பாருங்கள். இது வேலை செய்தால், கட்டத்தைச் செய்தவர் நினைத்தே பார்க்காத வழிகள் திறக்கும். இது ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. அதே விளையாட்டு உங்கள் தாவல்களை விழுங்கியபோது அதை யாரும் ஏமாற்று என்று சொல்லவில்லை என்பதே என் பதில்.

ஓடுகளை ஒட்டி ஒட்டிச் செய்த சமதளத்தில் ஓடும்போது எதுவுமில்லாத இடத்தில் கால் தடுக்கி நிற்பதுபோல் தோன்றினால், அது இரண்டு ஓடுகளின் ஹிட்பாக்ஸ்கள் சந்திக்கும் இணைப்பு. யூனிட்டி பயன்படுத்தும் பாக்ஸ்2டி இயற்பியல் எஞ்சினில் வெகுகாலமாக அறியப்பட்ட சிக்கல் இது. தடுக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அதற்கு முன் ஒரு சிறு தாவல் போட்டுக் கடப்பதே வழி. நகரும் மேடை உங்களைத் தன்னோடு தூக்கிச் செல்லாமல் காலடியில் நழுவினால், மேடை போகும் திசையில் நீங்களும் நடந்துகொண்டே இருக்க வேண்டும். மிக உயரத்திலிருந்து விழும்போது மெல்லிய மேடையை ஊடுருவிக் கீழே போய்விட்டால், விழும் வேகம் ஒரு துடிப்புக்குள் மேடையின் தடிமனைத் தாண்டிவிட்டது என்று பொருள். இடையில் ஒரு சுவரில் ஒட்டி வேகத்தைக் குறைத்துக்கொண்டு இறங்குங்கள்.

குறையா, குறும்பா

ஆடுபவரை வேண்டுமென்றே ஏமாற்றும் பிளாட்ஃபார்மர்கள் தனி மரபு. 2007-இல் இலவசமாக வெளிவந்த ஐ வானா பி த கை அவற்றில் புகழ்பெற்றது. அதில் மரத்துக்கு அடியில் போனால் பழம் தலையில் விழும். சரி என்று மேலே தாண்டிப் போனால் இன்னொரு பழம் மேல்நோக்கி விழுந்து கொல்லும். தாவுவதற்கு ஷிஃப்ட் விசை என்பதால், மேலே சொன்ன ஸ்டிக்கி கீஸ் திருத்தம் இதற்கும் பொருந்தும். இந்த வகையை விரலால் வெல்ல முடியாது, நினைவால்தான் வெல்ல வேண்டும்: செத்து, பொறியை நினைவில் வைத்து, மறுபடி வர வேண்டும்.

குறைக்கும் குறும்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரே இடத்தில் ஒரே செயலைச் சில முறை திரும்பச் செய்து பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி செத்தால், அது அநியாயமாகவே இருந்தாலும், திட்டமிட்ட அமைப்பு, மனப்பாடம் செய்துகொள்ளலாம். ஒருமுறை பிழைத்து ஒருமுறை செத்தால் அது இயற்பியலின் குறை. அங்கே மனப்பாடம் உதவாது, தொடக்க நிலையைச் சீராக்குவதே உதவும். விளையாட்டை மிகக் குறைந்த நேரத்தில் முடிக்க முயலும் வேக ஓட்டக்காரர்கள் கையாளும் உத்தி இது: அறையில் உள்ள ஏதாவது ஒரு சுவரில் முட்டி நின்று, அங்கிருந்து ஓடத் தொடங்கினால், ஒவ்வொரு முறையும் அதே பிக்சலிலிருந்து அதே வேகத்தோடு விளிம்பை அடைவீர்கள். கண்ணால் குத்துமதிப்பாக நின்று தாவுவதைவிட இது எவ்வளவோ மேல்.

சேமிப்பைக் காப்பது

மலிவு விளையாட்டில் முள்ளைவிட ஆபத்தானது செக்பாயின்ட். முள்ளுக்கு மேலே பறந்துகொண்டிருக்கும்போது செக்பாயின்ட் பதிவாகிவிட்டால், உயிர்த்தெழுந்த கணமே சாவு என்று சுழன்றுகொண்டே இருக்க வேண்டியதுதான். ஆகவே ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் சேமிப்புக் கோப்பை நகலெடுத்து வையுங்கள். யூனிட்டி விளையாட்டுகளின் கோப்புகள் பெரும்பாலும் உங்கள் பயனர் கோப்புறையில் ஆப்டேட்டா, அதற்குள் லோக்கல்லோ, அதற்குள் செய்தவரின் பெயர், விளையாட்டின் பெயர் என்ற வரிசையில் கிடக்கும். அங்கே எதுவும் இல்லை என்றால், விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் தற்போதைய பயனரின் சாஃப்ட்வேர் பகுதியில் அதே பெயர்களில் இருக்கும். அந்தக் கிளையை மட்டும் ஏற்றுமதி செய்துகொள்ளலாம். கேம்மேக்கர் என்றால் ஆப்டேட்டாவுக்குள் லோக்கல் கோப்புறையில் பாருங்கள். பழைய நகலைத் திரும்ப வைக்கும்போது சேமிப்பை இணையத்தில் வைத்திருக்கும் ஸ்டீம் கிளவுட் அதன் மேல் புதியதை எழுதிவிடாதபடி, அந்த விளையாட்டின் பண்புகளில் கிளவுட் சேமிப்பைத் தற்காலிகமாக அணைத்துவிடுவது அவசியம்.

முடியாத அறை

எல்லாம் செய்தும் ஓர் அறை நகராமல் நின்றால், அங்கே மெதுவாக்கிப் பழகுவதில் தவறில்லை. செலஸ்ட்டில் உதவி முறையை இயக்கினால் வேகத்தைப் பாதி வரை குறைக்கலாம். 2010-இல் வெளிவந்த விவிவிவிவிவி விளையாட்டில் 80, 60, 40 சதவீதம் என்று மூன்று படிகள் இருக்கின்றன. மலிவு விளையாட்டில் அந்த வசதி இல்லாவிட்டால், கேம்மேக்கரில் செய்தவற்றை ஃபிரேம் வேகத்தைக் குறைத்தே மெதுவாக்கிப் பார்க்கலாம். யூனிட்டியில் அந்த வழி செல்லாது. ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டை வெளியிலிருந்து மாற்றும் சீட் எஞ்சின் போன்ற கருவிகளால் மெதுவாக்க முடியும் என்றாலும், இணையவழிப் போட்டி விளையாட்டுகள் நிறுவப்பட்ட கணினியில் அதைத் திறந்து வைப்பது கணக்கு முடக்கத்தில் போய் முடியலாம் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை. யாராவது ஆடிய காணொளி கிடைத்தால் அதைக் கால் வேகத்தில் ஓடவிட்டு, எந்த ஓட்டின் மேல் நிற்கும்போது தாவுகிறார் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். அண்மையில் வந்த புதுப்பிப்புக்குப் பிறகே அந்த அறை முடியாததாகிவிட்டது என்று தெரிந்தால், விளையாட்டின் பண்புகளில் பீட்டா பகுதியைத் திறந்து, பழைய பதிப்பைச் செய்தவர் அங்கே விட்டுவைத்திருக்கிறாரா என்று பாருங்கள்.

கண்டுபிடித்த குறைகளைச் செய்தவருக்கு எழுதுவதாக இருந்தால், சொதப்பல் என்ற ஒற்றைச் சொல்லால் அவருக்கு எந்தப் பயனும் இல்லை. எந்தக் கட்டம், எந்த அறை, திரையின் ஃபிரேம் வேகம் எவ்வளவு, விசைப்பலகையா கன்ட்ரோலரா, பத்து முயற்சியில் எத்தனை முறை நடக்கிறது என்று எழுதி, சேமிப்புக் கோப்புக்குப் பக்கத்திலேயே பெரும்பாலும் கிடக்கும் பிளேயர் என்ற லாக் கோப்பையும் இணைத்து அனுப்புங்கள். தாவல் விழுங்கப்படுவது உங்கள் புகார் என்றால், ஃபிரேம் வேகத்தை 50 ஆக்கியதும் சரியாகிவிட்டது என்ற ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள்; நிரலில் எங்கே பார்க்க வேண்டும் என்று அவருக்கு உடனே தெரிந்துவிடும்.